கரைமேல் வைத்த அரசமரம்

தோளுக்கு மேல் வளர்ந்த பிறகும் ‘யக்கா’ என்று தெருமுனையிலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு வந்த என் தில்லைக்கு,

உன் மரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். வேறு யாராவது உனக்குச் சொல்வதற்கு முன் நான் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. போய்ச் சேர்ந்தவனுக்கு யார் வந்து சொல்லப்போகிறார்கள் என்று சிரிக்காதே. நம் பக்கத்தில் எந்தச் செய்தி எந்த வழியாகப் போய் எங்கே இறங்கும் என்று மினிபஸ் ஓட்டிய உனக்குத் தெரியாததா?

உன் பேரில் நம் அணைக் கரைமேல் ஊரார் வைத்தார்களே ஓர் அரசமரம், அதை எடுத்துவிட வேண்டும் என்று இந்தத் தை மாதம் ஒரு பேச்சு வந்தது. எடுத்தால் உன் மனைவி மல்லிகா தாங்குவாளா, எடுக்காவிட்டால் கரை தாங்குமா? இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் எனக்கு இந்த வருசம் பாதி போய்விட்டது. நடந்ததை உனக்கு முறையாகச் சொல்கிறேன். கடிதத்தை எல்லார் கண்ணிலும் படும்படி எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. நம் பக்கத்துக் கரைகளில் ஆசைப்பட்டு மரம் வைத்திருக்கிறவர்கள் நிறையப் பேர். அவர்களும் படிக்கட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் மகள் கவிதா சிதம்பரத்தில் என்னோடு தங்கிக் காலேஜ் போகிறாள். உன்னைப் போலவே பேச்சுக்குப் பேச்சு. நான் டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் காலையில் மணி அடிக்கிற நேரத்துக்குக் கால் தானாக வாசலுக்குப் போகிறது. உன் வண்டியை உன் சிநேகிதன் சேகர்தான் ஓட்டுகிறான். குமராட்சி வளைவில் நீ அடிப்பது போலவே ஹாரனை நீட்டி அடிக்கிறான். பஸ்ஸில் இருப்பவர்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். நான் மட்டும் பொத்துவதில்லை.

வெளியூர்க்காரர்களுக்காக நம் அணையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். அணை என்றதும் மலைக்கு நடுவே மதில்போல நிற்பதாக யாரும் நினைக்க வேண்டாம். ஷட்டர் வைத்த ஒரு சிமென்ட் கட்டு, அதன் இரண்டு பக்கமும் நீளமாக மண்கரை, அவ்வளவுதான். பாசனத்துக்குத் தேக்குகிற அணை இல்லை இது, வெள்ளத்தை நிறுத்திவைக்கிற அணை. பள்ளிக்கூடத்தில் கடைசி மணி அடித்ததும் எல்லா வகுப்பையும் ஒரே சமயத்தில் விட்டால் வாசலில் பிள்ளைகள் நசுங்கிப்போவார்கள். முதலில் ஒன்றாம் வகுப்பு, அவர்கள் போனதும் இரண்டாம் வகுப்பு என்று நாங்கள் வராந்தாவில் கையை விரித்துக்கொண்டு நிற்போம். கொள்ளிடம் நிரம்பி, வடிகால்களில் தண்ணீர் போக வழியில்லாமல் திரும்புகிறபோது நம் அணையும் அப்படித்தான் கையை விரித்துக்கொண்டு நிற்கிறது. ஆறு இறங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. அந்தக் கை தளர்ந்தால் முதலில் மிதிபடுவது கரையடியில் இருக்கிற நம் தெரு. தெருவில் முதல் வீடு உன் வீடு.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருசத்து மழையை நீ மறந்திருக்க மாட்டாய். பள்ளிக்கு லீவு விட்டார்களே என்று உன் வீட்டுக்கு வந்தவள், திரும்பிப் போக வழியில்லாமல் மாட்டிக்கொண்டேன். பகல்தான், ஆனால் விளக்கு ஏற்றலாமா என்று கேட்கிற மாதிரி இருட்டிக் கிடந்தது. உன் வீட்டுக்கு நேர் பின்னால், கரையின் அடியிலிருந்து தண்ணீர் காவி நிறத்தில் பீறிட்டது. ஊரே கத்தியது. நீ மட்டும் போய் வண்டியின் சீட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தாய். உரச்சாக்குகளில் மணலை நிரப்பி, வண்டிக்குள் ஏற்றி, கரைமேலேயே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாய்.

“ஏறு, ஏறு! மூட்டைக்கு அரை டிக்கெட்டு, மனுசனுக்கு ஓசி!” என்று நீ கண்டக்டர் மாதிரிக் கத்தியதும் அந்த நடுக்கத்திலும் ஜனங்கள் சிரித்தார்கள்.

சேகர், “மச்சான், டயரு வழுக்குது. கரையோட சேந்து நீயும் உருளப்போற” என்றான்.

“உருண்டா எங்க ஊட்டு மேலதான உருளுவேன்? பஸ்ஸு வாசல் வரைக்கும் வர்றதில்லன்னு எங்க யக்கா கொற சொல்லிக்கிட்டே கெடக்குது. இன்னிக்கு வந்துரும்!”

தண்ணீர் நிற்கிற உள்பக்கச் சரிவில் மூட்டைமேல் மூட்டையாக இறக்கினீர்கள். பீறிட்டது கசிவாகி, கசிவும் தெளிந்து, பொழுது சாய்வதற்குள் நின்றுவிட்டது. மழை ஓய்ந்த பிறகு அந்த மூட்டைகள் மேலேயே மண்ணைப் போட்டு மூடிக் கரையைச் சமமாக்கினார்கள். அடுத்த பங்குனியில் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அதற்கு மேல் அதை எழுத மாட்டேன்.

உன் கருமாதி முடிந்த கையோடு ஊர்க் கூட்டம். உனக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்றார்கள். சிலர் கல் நடலாம் என்றார்கள். சேகர்தான் மறுத்தான். “கல்லு வெச்சா காக்கா ஒக்காரும். மரம் வெச்சா மனுசன் ஒக்காருவான்.” எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. எந்த இடத்தில் வைப்பது என்று யாரோ கேட்டார்கள். “இது இன்னா கேள்வி? அவன் வண்டி நின்ன எடத்துலதான்!” என்று கூட்டமே சொன்னது.

கரை ஒழுகின இடம் எது என்று கேட்டால் நம் ஊரில் சின்னப் பிள்ளையும் கையை நீட்டிக் காட்டும். அந்த இடத்திலேயே போய் மரத்தை வைக்கிறோமே என்று அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லாரும் கை தட்டினோம். அன்பு அப்படித்தான் போலிருக்கிறது, அடிபட்ட இடமாகப் பார்த்துத்தான் முத்தம் கொடுக்கும்.

மரம் என்னமாய் வளர்ந்தது தெரியுமா? வெள்ளிக்கிழமை தவறாமல் மல்லிகா ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, மஞ்சள் குங்குமம் வைப்பாள். பிள்ளை வரம் கேட்டு வெளியூர்ப் பெண்கள்கூட வந்து மஞ்சள் கயிறு கட்டினார்கள். மல்லிகா வரம் எதுவும் கேட்டதில்லை. உன்னிடம் செய்தி சொல்வாள். கவிதாவுக்குக் காலேஜில் இடம் கிடைத்ததும் எனக்குப் போன் போடுவதற்கு முன்னால் மரத்துக்குத்தான் சொன்னாள். ஒருநாள் நான் பின்னால் நிற்பது தெரியாமல், “கரண்டு இல்லாம தூக்கமே இல்ல. நீங்க பாட்டுக்குக் காத்தாட நிக்கிறீங்க” என்று உன்னைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

போன மார்கழியில் அடித்த புயலைப் பற்றி உனக்கு எப்படிச் சொல்வேன்? பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகள், ஈரத்தலையை ஒருபக்கமாக வாரிவிட்ட மாதிரிப் படுத்துக் கிடந்தன. அண்ணாகிராமத்தில் நம் சின்னம்மா வீட்டுப் பலாமரம் மாட்டுக்கொட்டகைமேல் விழுந்தது. நல்லவேளை, மாடுகள் வெளியே இருந்தன. நம் கரையில், ஷட்டருக்கு அந்தப் பக்கம் நின்ற பழைய தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்தது. சாயும்போது கரையில் ஒரு அறை அளவுக்கு மண்ணைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. அன்றைக்கு அணையில் தண்ணீர் பள்ளிக்கூடப் பெஞ்சு உயரம்கூட இல்லை. நிறைய இருந்திருந்தால்?

ஆனால் அந்தக் குழியை யாரும் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் உன் மரத்தின்மேல்தான். இலை ஒன்றுகூட மிச்சமில்லாமல் உருவி எறிந்திருந்தது காற்று. மரம் மட்டும் நின்ற இடத்தில் நின்றது. சேகர் ஹாரனை அடித்துக்கொண்டே வந்து, “தில்ல நின்னுட்டான்டா!” என்று கத்தினான். மல்லிகா அன்றைக்குச் சிரித்த சிரிப்பை நீ இருந்த காலத்துக்கு அப்புறம் நான் பார்த்ததில்லை.

தை பிறந்த பிறகு அணையைப் பார்க்க ஒரு இஞ்சினியர் வந்தாள். புதிதாக வேலைக்கு வந்த சின்னப் பெண். தூங்குமூஞ்சி விழுந்த குழியில் இறங்கி மண்ணைக் கிள்ளிப் பார்த்தாள். மேலே ஏறி வந்தவள் நேராக உன் மரத்தைப் பார்த்தாள்.

“இதையும் எடுத்துடணும்” என்றாள்.

“மேடம், புயலுக்கே அசையாத மரம்” என்றான் சேகர்.

“இப்ப அசையல. இன்னும் கொஞ்ச வருசத்துல அந்த மரத்தவிடப் பெருசா ஆயிடும். அப்ப விழுந்தா கரையில பாதியத் தூக்கிக்கிட்டுதான் விழும். விழாம நின்னாலும் வேர் சும்மா இருக்காதுங்க.”

“வேரு மண்ணப் புடிச்சிக்கும்னுதான மேடம் நாங்கல்லாம் படிச்சிருக்கோம்?”

கூட்டத்தில் ஒருவர், “நீ எப்படா படிச்ச? பஸ்ஸு போர்டே டீச்சரம்மாதான எழுதிக் குடுத்தாங்க” என்றதும் ஒரே சிரிப்பு. அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள். “ஆத்தோரத்துல மண்ணு அரிக்காம இருக்க வேர் நல்லதுதான். இது ஒருபக்கம் தண்ணியத் தாங்கிக்கிட்டு நிக்கிற கரை. உள்ள போன வேர் ஒண்ணு செத்து மக்குனா, அந்த எடம் குழா மாதிரி ஆயிடும். அதுல தண்ணி பூந்தா மண்ணையும் சேத்து இழுத்துக்கிட்டு வெளிய வரும்.”

“அப்ப மேல மட்டும் வெட்டிட்டு அடிய உட்டுடலாம்ல?” என்றான் சேகர்.

“அது இதவிட மோசம். அத்தன வேரும் ஒண்ணா மக்கும்.”

மல்லிகா கூட்டத்தின் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எப்போது போனாள் என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். “அண்ணி, ஒரு தடவ தூக்கிக் குடுத்துட்டேன். திருப்பியும் குடுன்னா எப்புடி?” என்றாள்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தப் பெண்மேல் கோபம்தான். நேற்று வந்தவளுக்கு உன்னைப் பற்றி என்ன தெரியும்? கோபத்தோடுதான் சிதம்பரம் வந்தேன். ஆனால் எத்தனையோ வருசம் பிள்ளைகளிடம், ‘டீச்சர் சொன்னாங்கன்னு நம்பாதீங்க, செஞ்சு பாருங்க’ என்று சொன்னவள் நான். அந்தப் பெண் சொன்னதைச் செய்து பார்க்காமல் எப்படிக் கோபப்படுவது?

கொல்லையில் ஒரு தாம்பாளத்தை வைத்து, நடுவில் களிமண்ணால் கரை கட்டினேன். கட்டும்போதே விளக்குமாற்று ஈர்க்குச்சிகளைக் குறுக்காகச் செருகிக்கொண்டேன். ஒருபக்கம் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. குச்சி இருக்கிறவரை கரை கெட்டியாகத்தான் நின்றது. எனக்கு எவ்வளவு சந்தோஷம்! பிறகு ஒரே ஒரு குச்சியை மெல்ல உருவினேன். நூல்போலத் தண்ணீர் வந்தது. காபியை எடுத்து வரலாம் என்று உள்ளே போய்த் திரும்பினேன், நூல் விரல் அளவு ஆகியிருந்தது. காபி பாதி குடிப்பதற்குள் கரை உட்கார்ந்துவிட்டது.

பின்னால் கவிதா நின்றுகொண்டிருந்தாள். “இன்னா அத்த, ரிட்டையர் ஆயும் பாடம் நடத்துறீங்களா?” என்றவள், தாம்பாளத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “அப்பா மரத்துக்கா?”

“ஆமாம்மா.”

“அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிக்குங்க.”

சொன்னேன். ஈர்க்குச்சி, களிமண், காபி எல்லாவற்றையும் வகுப்பில் சொல்வதுபோல விளக்கினேன். மல்லிகா கடைசிவரை கேட்டாள். பிறகு, “ஒங்க தம்பிய தாம்பாளத்துல வெச்சிப் பாத்தீங்களாக்கும்?” என்றாள். அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. போன் போட்டால் எடுக்க மாட்டாள். ஊரும் இரண்டு பட்டது. கரையைக் கவனிப்பது அரசாங்கத்தின் வேலை, மரத்தைக் காப்பாற்றுவது எங்கள் வேலை என்று சேகர் பஸ்ஸிலேயே கையெழுத்து வாங்க ஆரம்பித்தான். என்னிடமும் காகிதத்தை நீட்டினான். நான் வாங்கவில்லை. “டீச்சரு, நீங்களுமா?” என்றான். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உன் வண்டியில் இறங்க வேண்டிய இடம் எப்போது வரும் என்று நான் காத்திருந்தது அன்றைக்குத்தான்.

மாசி முடியும் சமயம், கவிதா என்னை விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு ஊருக்குப் போனாள். மல்லிகா ‘வாங்க’ என்று சொன்னாள், அதற்கு மேல் இல்லை. ஆனாலும் இலை போட்டாள். நம் வீட்டுப் பெண்கள் எவ்வளவு கோபத்திலும் சோற்றை நிறுத்துவதில்லை. பொன்னாங்கண்ணிக் கீரைக் கூட்டு வைத்திருந்தாள். கொல்லையில், கரையடியை ஒட்டி அவள் பார்த்துக்கொள்கிற கீரைப்பாத்தி உனக்குத் தெரியாது. நீ போன பிறகு தானாக முளைத்துப் படர்ந்தது. அறுப்பு முடிந்து வயலெல்லாம் வெடிக்கத் தொடங்கிவிட்டது. பக்கத்துக் கொல்லைகளில் பச்சையே இல்லை. இவள் பாத்தி மட்டும் தளதளவென்று நின்றது.

பேச்சுக்கு ஒரு வழி கிடைத்ததே என்று, “எப்புடி மல்லிகா, இந்த வெயில்ல கீர இவ்ளோ எளசா இருக்குது?” என்று கேட்டேன்.

“நானு தண்ணியே ஊத்துறதில்ல அண்ணி. தரை எப்பவும் ஜிலுஜிலுன்னுதான் இருக்கும். மரம் பெருசாவ ஆவ இதுவும் ஜாஸ்தியாப் படருது. அவுருதான் அனுப்புறாருன்னு நெனச்சிக்குவேன்.” கொஞ்சம் இளகியிருந்தாள். கரண்டியால் கூட்டை அள்ளியபடியே தொடர்ந்தாள். “அணையில தண்ணி கெடக்குற வரைக்கும் ஈரம் இருக்கும். சித்திரையில அணை காஞ்சா இதுவும் காஞ்சி...”

கரண்டி அப்படியே நின்றது. நான் அவளைப் பார்க்கவில்லை, இலையைப் பார்த்தேன். கவிதாவும் பார்க்கவில்லை. மல்லிகா சொன்னது அவள் காதிலேயே போய் விழுந்திருந்தது. பிறகு கூட்டை என் இலையில் வைத்து, “சாப்புடுங்க அண்ணி, ஆறிடும்” என்றாள். எழுந்து கொல்லைக்குப் போனாள்.

நாங்கள் கை கழுவப் போனபோது பாத்தி நடுவே குந்தியிருந்தாள். கையை முழங்கைவரை மண்ணுக்குள் விட்டிருந்தாள். எடுத்த கையில் ஈரம் சொட்டியது. “அந்த இஞ்சினீர் பொண்ணுக்குப் போன் போடச் சொல்லுங்க” என்றாள்.

அந்தப் பெண் வந்தாள். மல்லிகாதான் அவளைக் கையைப் பிடித்துக் கொல்லைக்கு அழைத்துப் போனாள். “அணை நெறைய இருக்கும்போது இங்க தெளிவா வருமாம்மா, கலங்கலா வருமா?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“போன மழையில கலங்கித்தான் வந்திச்சி. காலு கழுவுனா சேறாவும்.”

அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. “தெளிவா வந்தாக் கசிவு. கலங்கலா வந்தா கரையோட மண்ணு வெளிய போவுதுன்னு அர்த்தம்.”

“மரத்தாலயா?”

“அடிச்சிச் சொல்ல மாட்டேம்மா. பழைய ஒழுகல் பாதி, வேர் பாதி இருக்கலாம். தோண்டினாத்தான் தெரியும்.” தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று அவள் சொன்னாள் பார், அப்போதுதான் எனக்கு அவள்மேல் நம்பிக்கை வந்தது.

சேகருக்கு ஆள் அனுப்பினோம். வண்டியை அப்படியே போட்டுவிட்டு வந்தான். மல்லிகா, “அண்ணே, எடுத்துடலாம்” என்றாள்.

“நீயா சொல்ற தங்கச்சி?”

“அவுரு அன்னிக்கு மூட்ட அடுக்குனது எதுக்குண்ணே? இங்க மரம் வைக்கவா? கரை நிக்கத்தான?”

சேகர் சட்டைப்பையிலிருந்த கையெழுத்துக் காகிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே நின்றான்.

அணை காயட்டும் என்று சித்திரைவரை காத்திருந்தோம். எடுப்பதற்கு முதல் நாள் சாயங்காலம் மல்லிகா வெற்றிலை பாக்கு வைத்து, கற்பூரம் ஏற்றி, மரத்தடியில் நின்று சொன்னாள். “இங்க குடியிருக்குறவுங்கல்லாம் வேற எடம் பாத்துக்குங்க. கோச்சிக்காதீங்க.” குருவிக்குச் சொன்னாளா, எறும்புக்குச் சொன்னாளா, உனக்குத்தான் சொன்னாளா? நான் கேட்கவில்லை. கடைசியாக ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள்.

மறுநாள் கிளைகளைக் கழித்து, அடிமரத்தை இறக்கி, வேரைத் தோண்டத் தொடங்கினார்கள். ஒரு வேரும் உள்ளே நிற்கக் கூடாது என்று இஞ்சினியர் கூடவே நின்றாள். கடப்பாரையோடு முதலில் குழியில் இறங்கியவன் சேகர். ஆள் மறையும் ஆழம் போனதும் அவன் கடப்பாரை எதிலோ சிக்கியது. மண்ணை விலக்கிப் பார்த்தால் உன் மூட்டைகள். உரச்சாக்கு மக்குமா என்ன? மணலோடு அப்படியே கிடந்தன. உன் மரத்தின் வேர்கள் அந்தச் சாக்குகளைச் சுற்றிச் சுற்றிப் பிடித்திருந்தன. சாக்குக்கும் சாக்குக்கும் நடுவில் நுழைந்து, கட்டைவிரல் பருமனில் ஒரு வேர் உன் வீட்டுப் பக்கம் போயிருந்தது. அதை ஒட்டினாற்போல் ஈரமான ஓர் ஓட்டை.

சேகர் குழிக்குள் உட்கார்ந்துவிட்டான். அந்த வேரைக் கையில் பிடித்துக்கொண்டு, “மச்சான், இன்னுமாடா மூட்டையப் புடிச்சிக்கிட்டு இருக்க? உடுடா. போதும் உடுடா” என்றான். மேலே நின்ற ஆண்களெல்லாம் ஆளுக்கொரு திசையில் திரும்பிக்கொண்டார்கள்.

சாக்கு, வேர் எல்லாவற்றையும் எடுத்த பிறகு நல்ல களிமண் கொண்டுவந்தார்கள். ஒரு வரிசை மண் போடுவது, தண்ணீர் தெளிப்பது, திமிசுக்கட்டையால் இடிப்பது, அது இறுகிய பிறகு அடுத்த வரிசை. அடி ஸ்திரமாகாமல் மேலே போகக் கூடாது என்று நான் வாய்ப்பாட்டுக்குச் சொல்வதை அவர்கள் மண்ணுக்குச் செய்தார்கள். முதல் கூடை மண்ணை மல்லிகா கொட்டினாள். அவள் அழவில்லை. இடிக்கிறவர்களுக்கு மோர் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மரம் போன இடத்தில் உன் பேர் பொறித்து ஒரு சின்னக் கல்லாவது வைக்கலாம் என்றார்கள். நானும் தலையாட்டினேன். மல்லிகா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். “வேணாம். பேரு வெச்சா பூ வைப்பாங்க. பூ வெச்சா செடி வைப்பாங்க. கரை கரையா இருக்கட்டும்.” இஞ்சினியர் பெண் அவளைக் கட்டிக்கொண்டாள். இப்போது அங்கே புல் மட்டும்தான். தெரியாத ஆள் நடந்து போனால் அங்கே ஒரு மரம் இருந்தது என்றே சொல்ல மாட்டான். இதில் உனக்கு வருத்தம் உண்டா, தில்லை? எனக்கு இருக்கிறது. மறைக்கவில்லை.

ஐப்பசி மழை இறங்கிவிட்டது. இந்த வருசம் நம் தெருப் பெண்கள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். மழை விட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு, கரையின் வீட்டுப் பக்க அடியை ஒட்டிக் கடைசிவரை நடப்பது. கண்ணுக்குத் தெரியாத ஊற்றும் காலுக்குத் தெரிந்துவிடும் என்கிறாள் மல்லிகா. மழை ஈரம் ஒரு மாதிரி இருக்கும், கரை ஈரம் வேறு மாதிரி, ஜில்லென்று ஏறுமாம்.

நேற்றுக் காலையில் மல்லிகாவிடமிருந்து போன் வந்தது. அணை ஷட்டர் மட்டத்துக்கு நிரம்பிவிட்டதாம். நடந்து பார்த்துவிட்டு வந்த கையோடு கூப்பிட்டாள். “அண்ணி, நம்ம கொல்லையப் பாத்துட்டேன். கரையடியில கையி உட்டுப் பாத்தேன். மேலதான் மழை ஈரம், உள்ள காஞ்சிக் கெடக்குது அண்ணி. நல்லாக் காஞ்சிக் கெடக்குது.” அதைச் சொல்லும்போதுதான் அழுதாள். மரத்தை வெட்டும்போது வராத அழுகை, தை மாதத்திலிருந்து உள்ளேயே கிடந்த அழுகை. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தேன். கவிதா வந்து என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

நாளைக்கு நானும் கவிதாவும் ஊருக்குப் போகிறோம். என் முழங்கால் முன்புபோல் இல்லை, ஆனாலும் இந்த ஒரு வாக்கு உனக்குத் தருகிறேன். நடக்க முடிகிறவரை ஒவ்வொரு மழைக்கும் வந்து, அந்தக் கரையடியில் மல்லிகாவோடு வெறுங்காலில் நடப்பேன். நடக்க முடியாத காலம் வந்தால் உன் மகளை நடக்கச் சொல்வேன். உன் பேரைச் சொல்லி இனி அந்தக் கரையில் ஒரு செடிகூட வைக்க விடமாட்டோம். நீ நிம்மதியாக இரு.

உன் கூடப்பிறந்தவள்,
மல்லிகாவின் அண்ணி